மின்சார கார் சார்ஜ் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளக்கைச் செருகியாகிவிட்டது. ஆனால் விளக்கு நிறம் மாறவில்லை, திரையில் சதவீதம் நகரவில்லை. இந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் பெரிய பேட்டரியைப் பற்றித்தான். உண்மையில் பேட்டரியே பழுதாகி சார்ஜ் நிற்பது அரிது. சாக்கெட், எர்த், கேபிள், பிளக் பூட்டு, 12 வோல்ட் பேட்டரி, எப்போதோ வைத்து மறந்த நேர அட்டவணை என்று காரணம் பெரும்பாலும் பேட்டரிக்கு முன்பே எங்காவது உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சார்ஜ் ஏறாத கார் பல நேரம் வேண்டுமென்றேதான் மறுக்கிறது. ஏதோ ஒரு பாதுகாப்புச் சோதனை தேறவில்லை என்று அர்த்தம். யார் மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அந்த மறுப்பை ஏமாற்றி மின்சாரத்தை ஏற்றப் பார்ப்பது தீயில் முடியலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சார்ஜ் என்பது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை: மின் இணைப்பு, கேபிளும் சார்ஜர் பெட்டியும், கார். மூவரில் யார் ஒத்துழைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே கேபிளை வேறு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அதே சார்ஜரில் வேறு ஒரு மின்சார காரைச் செருகிப் பாருங்கள். உங்கள் காரை வேறு ஓர் இடத்துச் சார்ஜருக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால், சார்ஜ் ஏற ஆரம்பித்தாலும் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். நாளைக்கு அதே தொல்லை திரும்ப வரும்.

இவற்றில் மிகவும் பயன்படுவது ஏசி சார்ஜிங்கையும் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்கையும் ஒப்பிடுவது. வீட்டு சாக்கெட்டிலும் சுவர்ப் பெட்டியிலும் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். அதைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக, அதாவது நேர்திசை மின்சாரமாக, மாற்றுவதற்குக் காருக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். டிசி நிலையத்தில் அந்த மாற்று வேலையை நிலையமே செய்துவிடும், மின்சாரம் ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போகும். ஆகவே டிசியில் ஏறி, எந்த ஏசியிலும் ஏறவில்லை என்றால் சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர் மேல் விழும். பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஏசி, டிசி இரண்டிலும், பல இடங்களிலும் ஏறவில்லை என்றால் காரின் பொதுவான பாகங்களில் ஏதோ சிக்கல்: 12 வோல்ட் பேட்டரி, சார்ஜிங் துவாரத்தின் பூட்டு, பேட்டரி மேலாண்மை அமைப்பு போன்றவை.

பழுதே இல்லாமல் சார்ஜ் நிற்குமா?

நிற்கும், அதுவும் அடிக்கடி. இரவு நேரத்தில் மட்டும் சார்ஜ் செய் என்று காரில் ஓர் அட்டவணை இருக்கலாம். சுவர்ப் பெட்டியின் செயலியில் இன்னொரு அட்டவணை இருக்கலாம். கார் இரவு 11 மணிக்குத் தொடங்கக் காத்திருக்கும், பெட்டி மாலை 5 மணிக்கே மூடிவிட்டிருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்றால் ஒருபோதும் ஏறாது. அட்டவணையை இரண்டில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். என் பரிந்துரை, காரில் வைப்பது.

சார்ஜ் வரம்பு 80 சதவீதம் என்று வைத்திருந்து கார் ஏற்கெனவே 81-ல் இருந்தாலும் ஏறாது. கியர் பார்க்கிங்கில் இல்லாவிட்டால் சில கார்கள் மறுக்கும். மென்பொருள் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். சூரிய மின்சாரம் மிஞ்சினால் மட்டும் ஏற்று என்று பெட்டியை அமைத்திருந்தால், மேகம் மூடிய நாளில் அது சும்மாவே இருக்கும். ஏசி சார்ஜிங்கின் தர விதிப்படி குறைந்தபட்ச மின்னோட்டம் 6 ஆம்பியர். 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் அது கிட்டத்தட்ட 1.4 கிலோவாட். மிச்சம் அதற்குக் கீழே இறங்கினால் பெட்டி மெதுவாக ஏற்றாது, நிறுத்தியே விடும்.

பல கார்களில் ‘இப்போதே சார்ஜ் செய்’ என்ற பொருளில் ஒரு பொத்தான் திரையிலோ செயலியிலோ இருக்கும். வேறு எதையும் தொடும் முன்பு அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பிளக்கைச் செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்களை நீங்களே ஊகித்துவிடலாம். ஏசி பிளக்கில் மின்சாரம் போகும் பெரிய கம்பிகளோடு சின்னதாக இரண்டு சமிக்ஞைக் கம்பிகளும் இருக்கின்றன. ஒன்று கன்ட்ரோல் பைலட். பெட்டி அதில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கார் செருகப்பட்டதும் அது 9 வோல்ட்டாக இறங்கும். ‘ஒரு கார் வந்திருக்கிறது’ என்று பெட்டிக்குத் தெரிவது இப்படித்தான். பிறகு பெட்டி வினாடிக்கு 1000 முறை மேலும் கீழும் மாறும் துடிப்பை அனுப்பும். துடிப்பு எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்பதுதான் காருக்கான செய்தி. 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். கார் தயாரானதும் வோல்ட்டேஜை 6-க்கு இழுக்கும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ‘டக்’ என்று மூடி, மெயின் மின்சாரம் கேபிளுக்குள் வரும். அதுவரை பிளக்கில் சார்ஜ் செய்யும் மின்சாரமே கிடையாது.

இரண்டாவது கம்பி, பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கேபிள் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது. டைப் 2 என்ற பிளக் வகையின் கேபிளுக்குள் இதற்காக ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைத்திருப்பார்கள்: 20 ஆம்பியர் கேபிளில் 680 ஓம், 32 ஆம்பியர் கேபிளில் 220 ஓம். டைப் 1 பிளக்கில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தானும் இந்தக் கம்பியோடுதான் சேர்ந்திருக்கிறது. அந்தப் பொத்தான் தூசியில் சிக்கிப் பாதி அழுந்திய நிலையில் நின்றுவிட்டால், நீங்கள் பிளக்கை எடுக்கப் போகிறீர்கள் என்று கார் நினைத்துக்கொண்டு சார்ஜைத் தொடங்காது.

அந்த ‘டக்’ சத்தத்துக்குக் காது கொடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் இருவருக்கும் பேச்சே முடியவில்லை: பிளக் சரியாக உட்காரவில்லை, சமிக்ஞை ஊசி வளைந்திருக்கிறது, பூட்டு விழவில்லை, அல்லது கார் காத்திருக்கிறது. சத்தம் வந்து சில வினாடியில் மறுபடி ‘டக்’ என்று திறந்தால், மின்சாரம் வந்த பிறகு யாரோ ஏதோ கோளாறைக் கண்டு நிறுத்தியிருக்கிறார்கள். சர்வீஸ்காரரிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே அவர் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

வீட்டு சாக்கெட்டில் போர்ட்டபிள் சார்ஜரைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. அதே சாக்கெட்டில் மற்ற சாமான்கள் எல்லாம் ஓடுகின்றனவே?

பெரும்பாலும் எர்த்தான் காரணம். விளக்கும் மின்விசிறியும் எர்த் இல்லாமலே ஓடும். அவை அதைச் சோதிப்பதில்லை. கார் சார்ஜர் சோதிக்கும். கார் என்பது ஈரத் தரையில் ரப்பர் சக்கரத்தின்மேல் நிற்கும் பெரிய உலோகப் பெட்டி. எங்காவது கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத நிலையில் அந்த மின்சாரம் கதவைத் தொடுபவரின் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். அதனால் எர்த் வரவில்லை அல்லது பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தால் சார்ஜர் ரிலேயை மூடவே மூடாது.

இதற்கு ஒரே தீர்வு, தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து சரிசெய்வதுதான். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடல் முழுவதும் மெயின் வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். கதவைத் தொடும் குழந்தைக்கு அது தெரியாது.

ஜெனரேட்டரிலும் சில இன்வெர்ட்டர்களிலும் இதே சிவப்பு விளக்கு வரும். அவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருப்பதால் சார்ஜருக்கு எர்த் இருப்பதாகவே தோன்றாது. சில சார்ஜர்கள் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் மறுக்கும்.

எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு சார்ஜ் செய்யலாமா?

வேண்டாம். சாதாரண சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் முழுச் சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கும். கார் கேட்பது முழுச் சுமையை எட்டு, பத்து மணி நேரம் விடாமல். ஒரு தளர்ந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். விரல் நுனி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, இரவு முழுக்க. சூடேறினால் உலோகம் தளரும், தளர்ந்தால் மின்தடை கூடும், கூடினால் இன்னும் சூடேறும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீலில் வெப்பம் வெளியேறவும் வழியில்லை.

சாக்கெட்டில் பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இளகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அன்றோடு அதில் சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். சாக்கெட்டோடு பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகிய பிளக் புதிய சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

சார்ஜ் தொடங்குகிறது, அரை மணியோ ஒரு மணியோ கழித்து நின்றுவிடுகிறது. ஏன்?

நேரம் கழித்து நிற்பது என்றால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். நல்ல போர்ட்டபிள் சார்ஜர்களில் சுவர்ப் பிளக்குக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கும். காரின் துவாரத்திலும் இருக்கும். சூடு எல்லை தாண்டினால் மின்னோட்டத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்தும். நின்றவுடன் சுவர்ப் பிளக்கின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் காரணம் கிடைத்துவிட்டது. வெயிலில் கிடக்கும் சார்ஜர் பெட்டியை நிழலுக்கு மாற்றினாலே சரியாவதும் உண்டு.

அடுத்தது வோல்ட்டேஜ் இறக்கம். வயர் மெலிந்தோ நீண்டோ இருந்தால் சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் சரியும். கார் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அதிகமாகச் சரிந்தால் விலகிக்கொள்ளும். காரின் அமைப்பில் மின்னோட்டத்தை 16-லிருந்து 10-க்கோ 8-க்கோ குறைத்துப் பாருங்கள். அப்போது இரவு முழுக்க நிற்காமல் ஏறினால் கோளாறு காரில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது. குறைத்த ஆம்பியரிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று விட்டுவிடாமல் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்கர் விழுந்து நிற்கிறது என்றால் அதே பிரேக்கரில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். காருக்குத் தனி லைன் இழுப்பதுதான் முறை. 32 ஆம்பியர் சுவர்ப் பெட்டியை 32 ஆம்பியர் பிரேக்கரில் மாட்டி, பக்கத்துப் பிரேக்கர்களும் சூடாக இருந்தால், பழுது எதுவும் இல்லாமலே அது மணிக்கணக்கில் சூடேறி விழக்கூடும். அதனால்தான் பல இடங்களில் 40 ஆம்பியர் பிரேக்கர் போடுகிறார்கள். அதற்கேற்ற தடிமனில் வயரும் இருக்க வேண்டும். பிரேக்கரை மட்டும் பெரிதாக்குவது தவறு.

ஆர்சிடி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திரும்பத் திரும்ப விழுகிறது. என்ன அர்த்தம்?

போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை, எங்கோ கசிகிறது. உயிர்காப்புக்கான ஆர்சிடி பொதுவாக 30 மில்லிஆம்பியர் கசிவில் விழும். செருகிய நொடியே விழுந்தால் பிளக்கில் ஈரம், கேபிளில் வெட்டு, அல்லது ஆன்போர்டு சார்ஜரில் கசிவு இருக்கலாம். வேறு கேபிளில் விழவில்லை என்றால் பழைய கேபிளைத் தூக்கிப் போடுங்கள், டேப் சுற்றிப் பயன்படுத்தாதீர்கள். எப்போதாவது மட்டும் விழுந்தால், அதே ஆர்சிடியில் இருக்கும் மற்றச் சாதனங்களின் சின்னக் கசிவுகளும் காரின் இயல்பான கசிவும் சேர்ந்து எல்லையைத் தொடுகின்றன என்று கொள்ளலாம்.

காருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. காரிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரண ஆர்சிடியை அது மந்தமாக்கிவிடும். உண்மையான ஆபத்து வரும்போது விழாமல் போகலாம். அதனால்தான் சுவர்ப் பெட்டிகளில் 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் அமைப்பை உள்ளேயே வைக்கிறார்கள், அல்லது டிசி கசிவுக்கும் விழும் பி வகை ஆர்சிடி போடச் சொல்கிறார்கள். பெட்டி மாட்டும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருக்கிறது. ஆனாலும் கார் செத்ததுபோல் கிடக்கிறது, சார்ஜும் ஏறவில்லை. எப்படி?

12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். மின்சார காரிலும் ஒரு சின்ன துணை பேட்டரி உண்டு. கணினிகள், கதவுப் பூட்டு, திரை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியைக் காரின் மற்றப் பாகங்களோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்சுகளை மூடுவதற்கும் அந்த 12 வோல்ட்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் பெரிய பேட்டரி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவது, திரை வந்து வந்து மறைவது, ரிமோட் வேலை செய்யாதது ஆகியவை இதன் அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக இருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் காலி என்றே சொல்லலாம். கையேட்டில் சொன்ன முனைகளில் 12 வோல்ட் சார்ஜரையோ ஜம்ப் பேக்கையோ இணைத்தால் கார் விழித்துக்கொள்ளும், பிறகு வழக்கம்போல் சார்ஜ் ஏறும். ஆனால் சில புதிய கார்களில் துணை பேட்டரியும் லித்தியம் வகை. அதில் லெட்-ஆசிட் சார்ஜரை மாட்டக்கூடாது, முதலில் கையேட்டைப் பாருங்கள்.

மின்சார காரில் வரும் விசித்திரக் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் இந்தச் சின்ன பேட்டரியைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம். விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொன்னால், ‘12 வோல்ட்டைச் சோதித்தீர்களா?’ என்று கேளுங்கள்.

பிளக் பூட்டு விழவில்லை, அல்லது பிளக் வெளியே வரமாட்டேன் என்கிறது.

டைப் 2, சிசிஎஸ் 2 (டைப் 2-வோடு டிசி ஊசிகளும் சேர்ந்தது) துவாரங்களில் ஒரு சின்ன மோட்டார் முள்ளைத் தள்ளிப் பிளக்கைப் பூட்டும். பூட்டு விழுந்தது உறுதியாகாமல் கார் பெரும்பாலும் சார்ஜைத் தொடங்காது. மணல், பனி, பாதி செருகிய பிளக், தேய்ந்த மோட்டார் எதுவும் காரணமாகலாம். பிளக்கை எடுத்துத் துவாரத்தைப் பார்த்துவிட்டு, நேராக அழுத்திச் செருகி, முள் தள்ளும் சத்தம் அடங்கும்வரை கையால் பிடித்துக்கொண்டிருங்கள்.

வெளியே வராவிட்டால் இழுக்காதீர்கள். முதலில் செயலியிலோ நிலையத்திலோ சார்ஜை நிறுத்துங்கள். சாவியால் காரைப் பூட்டித் திறந்து பாருங்கள். பிளக்கை உள்நோக்கிக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே திறந்தால் முள்மேல் இருக்கும் இறுக்கம் தளர்ந்து விடுபடும். அதற்கும் மசியவில்லை என்றால், பல கார்களில் டிக்கிக்குள்ளோ முன்மூடிக்கு அடியிலோ கையால் இழுக்கும் அவசரக் கயிறு இருக்கும். நின்று நிதானமாக இருக்கும்போதே உங்கள் காரில் அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நன்றாக ஏறுகிறது. டிசி நிலையத்தில் மட்டும் தோற்றுப்போகிறது.

டிசி நிலையத்தில் பேச்சு நீளமானது. சிசிஎஸ் முறையில் கன்ட்ரோல் பைலட் துடிப்பு 5 சதவீதத்தில் நின்று, ‘இனி எண்மச் செய்தியில் பேசுவோம்’ என்று சொல்லும். பிறகு அதே கம்பியின் மேல் காரும் நிலையமும் தரவு பரிமாறிக்கொள்ளும். பணம் செலுத்துவது உறுதியாக வேண்டும். பூட்டு விழ வேண்டும். அடுத்து, காருக்கு மின்சாரம் போகும் முன்பே நிலையம் கேபிளில் வோல்ட்டேஜ் ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்க்கும். அது தேறினால் நிலையத்தின் வோல்ட்டேஜைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு அருகே கொண்டுவந்து, கார் தன் கான்டாக்டரை மூடும். இவற்றில் எந்தப் படியில் தடுக்கினாலும் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே வாசகம்: ‘சார்ஜ் தொடங்க முடியவில்லை’.

டிசி பிளக் கனமானது, கேபிள் அதைக் கீழே இழுக்கும். ஊசிகள் சாய்ந்தால் சமிக்ஞை அறுபடும். தொடங்கும் அரை நிமிடம் கைப்பிடியை மேல்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். இதற்கே மசிந்துவிடும் நிலையங்கள் நிறைய. இரண்டாவது முறையும் தோற்றால் பக்கத்துச் சார்ஜருக்கு மாறிவிடுங்கள். கட்டண அட்டையையோ செயலியையோ முதலில் காட்ட வேண்டுமா, பிளக்கை முதலில் செருக வேண்டுமா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். வரிசை தப்பினால் காத்திருந்து காலாவதியாகிவிடும். சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை யாராவது அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

உங்கள் கார் 800 வோல்ட் வகையா? 500 வோல்ட் வரை மட்டுமே தரும் பழைய நிலையங்களில், காருக்குள் வோல்ட்டேஜை உயர்த்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் அது ஏறாது. பழுது ஒன்றும் இல்லை, பொருத்தம்தான் இல்லை. வேறு வேறு நிறுவனங்களின் நிலையங்கள் எல்லாவற்றிலும் தோற்றால் மட்டும் காரைச் சந்தேகியுங்கள்.

முன்பு ஏறிய வேகத்தில் இப்போது ஏறவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது.

மூன்றில் ஒன்று என்ற கணக்கே துப்பு. மூன்று ஃபேஸில் 16 ஆம்பியர் என்றால் 11 கிலோவாட். ஒற்றை ஃபேஸில் அதே 16 ஆம்பியர் 3.7 கிலோவாட். இரண்டு ஃபேஸ் காணாமல் போயிருக்கிறது. மூன்று துருவப் பிரேக்கரில் முனைகள் தளர்ந்திருக்கலாம், ஒற்றை ஃபேஸ் கேபிளை மாற்றி எடுத்து வந்திருக்கலாம், அல்லது ஆன்போர்டு சார்ஜருக்குள் ஒரு பகுதி போயிருக்கலாம். வேறொரு மூன்று ஃபேஸ் பெட்டியில் அதே காரைப் போட்டால் விடை தெரிந்துவிடும்.

புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: 22 கிலோவாட் பெட்டியில் போட்டாலும் காரின் ஆன்போர்டு சார்ஜர் 7.4 கிலோவாட் என்றால் 7.4-தான் ஏறும். அது கோளாறு கிடையாது.

கடுங்குளிரில் சதவீதமே ஏறவில்லை. வெயிலிலும் மெதுவாகிறது.

உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைவதற்குப் பதில் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது பேட்டரியின் கொள்ளளவைத் தின்னும், உள்ளே குறுக்குச்சுற்றுக்கும் வழிசெய்யும். ஆகவே பேட்டரி மேலாண்மை அமைப்பு முதலில் பேட்டரியைச் சூடாக்கும், பிறகுதான் ஏற்றும். 10 ஆம்பியர் சாக்கெட்டில் வருவதே 2.3 கிலோவாட்; அது முழுவதும் ஹீட்டருக்கே போய்விட்டால் திரையில் சதவீதம் அசையாது. பயணம் முடிந்து பேட்டரி சூடாக இருக்கும்போதே செருகிவிடுங்கள். டிசி நிலையத்துக்குப் போகிறீர்கள் என்றால் காரின் வழிகாட்டியில் அந்த நிலையத்தைக் குறித்துவிட்டுப் போங்கள். பல கார்கள் வழியிலேயே பேட்டரியைத் தயார்செய்யும்.

வெப்பத்தில் எதிர்மாறு. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே டிசியில் போட்டால் குளிரூட்டி முழுவேகத்தில் ஓடும், சார்ஜ் குறையும். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

80 சதவீதத்துக்குப் பிறகு நத்தை வேகம். பழுதா?

இல்லை. செல்கள் நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைப்பதுதான் முறை.

மழையில் சார்ஜ் செய்யலாமா? துவாரத்தில் தண்ணீர் போய்விட்டால்?

மழையில் செய்யலாம்; துவாரத்தில் வடிகால் இருக்கும், ரிலே மூடும்வரை பிளக்கில் மெயின் மின்சாரம் வராது. பிளக் தரையில் தேங்கிய நீரில் விழுந்திருந்தால் மட்டும் உதறி, காய விட்டுப் பயன்படுத்துங்கள். ஊசிகளுக்குள் கம்பியோ ஸ்குரூ டிரைவரோ விட வேண்டாம். பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருந்தால் சர்வீஸில் காட்டுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு கதை. அதை ஒருபோதும் சார்ஜில் போடாதீர்கள், வெளியே காய்ந்து பளபளவென்று இருந்தாலும். உப்பு நீர் பேட்டரிக்குள் போயிருந்தால் நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்தை அழையுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தேன். இப்போது எதுவும் ஏற்கவில்லை.

முதலில் 12 வோல்ட். அது சரியாகியும் ஏற்கவில்லை என்றால் செல்கள் அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம். திரையில் 0 காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் அதுவும் கரையும். லித்தியம் செல் மிகத் தாழ்ந்தால் உள்ளே செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட செல்லில் மறுபடி மின்சாரம் ஏற்றினால் உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்படலாம். கார் மறுப்பது அதனால்தான். வெளியாள் யாரும் ‘எழுப்பித் தருகிறேன்’ என்று தனியாக மின்சாரம் கொடுக்க அனுமதிக்காதீர்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பாதி அளவு சார்ஜில் விடுவதே நல்லது.

ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகுமா?

பல நேரம் ஆகும். அட்டவணைக்காகக் காத்திருக்கையில் கார் ஆழ்ந்து உறங்கிவிட்டுப் பெட்டி கொடுக்கும் சமிக்ஞைக்கு எழாமல் இருப்பது ஒரு தெரிந்த தொல்லை. பிளக்கை எடுங்கள், காரைப் பூட்டி எல்லாம் அடங்கும்வரை பத்து நிமிடம் விடுங்கள். சுவர்ப் பெட்டியின் பிரேக்கரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு செருகுங்கள். ஆனால் வாரம் தவறாமல் இதையே செய்ய வேண்டியிருந்தால் அது தீர்வு ஆகாது, காரணத்தைத் தேட வேண்டும்.

திரையில் மின்காப்புக் கோளாறு என்கிறது. ஓட்டலாமா?

உயர் வோல்ட்டேஜ் சுற்று காரின் உடலிலிருந்து பிரிந்தே இருக்க வேண்டும். வோல்ட் ஒன்றுக்குக் குறைந்தது 100 ஓம் என்பது டிசி சுற்றுக்கான பொதுவான அளவுகோல்; 400 வோல்ட் பேட்டரிக்கு 40 கிலோஓம். அதற்குக் கீழே போனால் இந்த எச்சரிக்கை வரும். கேபின் ஹீட்டர், குளிரூட்டியின் கம்ப்ரெசர், ஈரம் புகுந்த இணைப்பு எதிலும் இருக்கலாம். சார்ஜில் போடாமல், ஓட்டாமல் சர்வீஸை அழையுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அந்த நிறம் உயர் வோல்ட்டேஜுக்காகவே ஒதுக்கப்பட்டது. கேபிள், சாக்கெட், அமைப்புகள், 12 வோல்ட் வரை நாம் பார்க்கலாம். ஆரஞ்சு தொடங்கும் இடத்தில் நம் வேலை முடிந்தது.

சர்வீஸில் என்ன சொல்ல வேண்டும்?

‘சார்ஜ் ஏறவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் பெட்டியில் போட்டுப் பார்ப்பார்கள், ஏறிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தெந்தச் சார்ஜரில் தோற்றது, எதில் ஏறியது, ஏசியா டிசியா, ‘டக்’ சத்தம் வந்ததா, எத்தனை சதவீதத்தில், எவ்வளவு குளிரில் அல்லது வெயிலில், திரையில் வந்த வாசகம் என்ன என்று எழுதிக் கொடுங்கள். விளக்கின் நிறத்தையும் திரையையும் போனில் படம் எடுங்கள். ஓபிடி கருவி (காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிப்பது) இருந்தால் அந்தக் கோட்களைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். கோளாறு நடந்த நேரத்து விவரம் அதோடு சேர்ந்து போய்விடும்.

பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஆன்போர்டு சார்ஜர் அதில் அடங்குமா, குறுகிய பொது உத்தரவாதத்தில்தான் வருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழுதாகும் முன்பே அந்த வரியைத் தேடிப் படித்து வையுங்கள்.

சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?

கூடாது. பெரும்பாலான மின்சார கார்களில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி, ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். மின்னணுப் பாகங்கள் பாழாகலாம். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டையான மேடை வண்டியில் ஏற்றுங்கள். அழைக்கும்போதே மின்சார கார் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றும் முன்பு கையேட்டில் உள்ள இழுவை நிலையையும் போட வேண்டும். அதற்கும் 12 வோல்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், உதவி வரும்வரை விளக்கையும் திரையையும் அணைத்தே வையுங்கள்.